பேய்க்கு முன்பே வந்துவிடும் பயம்: பழைய பேய்க்கதைகளில் சஸ்பென்ஸ் உருவாகும் விதம்

பேய்க்கதைகளைப் பற்றிய பேச்சில் சஸ்பென்ஸ், திகில், மர்மம், அதிர்ச்சி ஆகிய நான்கு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகத் தாராளமாகப் புழங்குகின்றன. கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டாலும் சஸ்பென்ஸ் என்கிறோம். கொலை செய்தவர் யார் என்பது கடைசிப் பக்கம்வரை தெரியாமல் இருந்தாலும் அதையே சொல்கிறோம். சொற்கள் மட்டும் கலந்து போயிருந்தால் பெரிய இழப்பில்லை. ஆனால் இந்தக் கலப்பினால் ஒரு தவறான எண்ணமும் வேரூன்றிவிட்டது: பேய் எவ்வளவு கோரமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கதை பயமுறுத்தும் என்பதே அது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பட்டு இன்றும் வாசிக்கப்படும் பேய்க்கதைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பேய் காட்சி தரும் வரிகள் மிகக் குறைவு. சிலவற்றில் அது கண்ணிலேயே படுவதில்லை. அப்படியானால் பயம் எங்கே உற்பத்தியாகிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## காத்திருப்பவரின் மனம்

இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடும் ஒருவர் ஒன்பது ஆகியும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கைபேசியில் அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. வேலை இழுத்திருக்கும் என்று ஒன்பதரை மணிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பத்து மணிக்கு அந்தச் சமாதானம் செல்லுபடியாவதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், அது பக்கத்து வீட்டுக்காரருடையது. இந்த இரண்டு மணி நேரத்தில் கெடுதலாக ஒன்றும் நிகழ்ந்ததாக நமக்குத் தகவல் இல்லை. இருந்தும் வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

இந்தத் தவிப்புக்கு மூன்று கூறுகள் தேவைப்படுகின்றன: நம் அக்கறைக்குரிய ஒருவர், நல்லதாகவும் முடியலாம் கெட்டதாகவும் முடியலாம் என்ற ஒரு கேள்வி, விடை கிடைக்காமலே நகர்ந்துகொண்டிருக்கும் நேரம். முன்பின் தெரியாத ஒருவர் தாமதித்தால் நாம் கவலைப்படுவதில்லை. வழியில் நின்றுவிட்டார் என்று தெரிந்துவிட்டாலும் தவிப்பு இல்லை. பத்து மணிக்கு அவரே படியேறி வந்தாலும் சரி, மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தாலும் சரி, காத்திருப்பு அந்தக் கணத்தோடு தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் நிம்மதியோ துயரமோ முற்றிலும் வேறான உணர்ச்சி.

இதிலிருந்து இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்ளலாம். முக்கியமான ஒரு கேள்விக்கு விடை வரப்போகிறது என்று தெரிந்தும், அது இன்னும் வராத இடைவெளியில் நம்மைப் பிடித்துக்கொள்ளும் பதற்றமே சஸ்பென்ஸ். ஒரு குறிப்பிட்ட கணத்தில் அந்தப் பதற்றம் எந்த அளவில் இருக்கிறது என்பதே இறுக்கம். சஸ்பென்ஸ் கதை நெடுகிலும் ஓடலாம். இறுக்கம் பக்கத்துக்குப் பக்கம் ஏறி இறங்கும்.

## அதிர்ச்சி, மர்மம், சஸ்பென்ஸ்

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் சொன்ன எடுத்துக்காட்டு பலரும் அறிந்தது. இருவர் ஒரு மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமலிருந்து, அது திடீரென்று வெடித்தால், கிடைப்பது 15 வினாடி அதிர்ச்சி. குண்டு வைக்கப்பட்டதும் அது வெடிக்கப்போகும் நேரமும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே வெற்றுப் பேச்சு 15 நிமிட சஸ்பென்ஸாக மாறிவிடுகிறது. வெடியில் எந்த மாற்றமும் இல்லை. பார்ப்பவருக்கு முன்கூட்டித் தரப்பட்ட தகவல் மட்டுமே கூடியிருக்கிறது.

அதிர்ச்சி என்பது எதிர்பாராத நிகழ்வு உடலில் உண்டாக்கும் துள்ளல். சிந்தனைக்கு அங்கே இடமில்லை. யோசிப்பதற்குள் கண் இமைத்துத் தோள் குலுங்கிவிடும். மர்மம் என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய கேள்வி. அது அறிவுக்கு வேலை தருகிறது; நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாக யோசிக்கலாம். சஸ்பென்ஸோ இனி நடக்கப்போவதைப் பற்றியது.

ஹிட்ச்காக்கின் குண்டைப் பேய்க்கதைக்கு அப்படியே கொண்டுவந்து பொருத்துவோர் உண்டு. எனக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. குண்டு என்றால் என்ன, வெடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். பேய்க்கதையிலோ ஏதோ ஒன்று வரப்போகிறது என்பது மட்டுமே தெரியும். அதன் உருவம், வலிமை, நோக்கம் எதுவுமே தெரியாது. அதாவது, காத்திருப்போடு அறியாமையும் சேர்ந்துகொள்கிறது. வாசகருக்கு ஒன்றுமே தெரியாவிட்டால் காத்திருக்கக் காரணமில்லை; எல்லாம் தெரிந்துவிட்டால் பயப்படக் காரணமில்லை. பேய்க்கதை எழுதுபவர் இவ்விரண்டுக்கும் நடுவிலேயே வாசகரைக் கடைசிவரை நிறுத்தி வைக்கிறார். இந்த நிலையைப் பாதியறிவு என்று அழைத்துக்கொண்டால் மீதி விளக்கம் எளிதாகிவிடும்.

அதிர்ச்சியை முற்றிலும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் உடல் அதே சத்தத்துக்குக் கூடுதலாகத் துள்ளும் என்பது உளவியல் ஆய்வகங்களில் பலமுறை காணப்பட்ட உண்மை. நல்ல கதையில் சஸ்பென்ஸ் நிலத்தை உழுது வைத்த பிறகே அதிர்ச்சி வந்து விழுகிறது.

சுருங்கச் சொன்னால், அதிர்ச்சிக்குத் தகவல் மறைக்கப்படுகிறது. சஸ்பென்ஸுக்குத் தகவல் தரப்படுகிறது. பேய்க்கதையில் அது பாதியளவே தரப்படுகிறது.

## திகிலும் கோரமும்

இங்கிலாந்தின் ஆன் ராட்கிளிஃப், பாழடைந்த கோட்டைகளும் இருண்ட தாழ்வாரங்களும் நிறைந்த நாவல்களால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்புகழ் பெற்றவர். அவர் மறைந்த பிறகு 1826இல் வெளியான ஒரு கட்டுரையில், திகிலையும் கோரத்தையும் நேரெதிரானவையாக அவர் பிரித்துக் காட்டினார். வரப்போவதை நினைத்து எழும் திகில் மனத்தை விரித்து, புலன்களைக் கூர்மையாக்குகிறது. கண்ணெதிரே வந்துவிட்டதைக் கண்டு எழும் கோர உணர்வு மனத்தைச் சுருக்கி உறையவைத்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். திகிலுக்குத் தெளிவின்மை வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இன்று பயங்கரம் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி கோரத்தின் பக்கம் சாய்ந்தது. அதற்கும் வாசகர்கள் உண்டு, அதில் தவறேதும் இல்லை. ஆனால் கோரத்தைக் கூட்டினால் திகிலும் கூடும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

## எழுதுகோலைக் கீழே வைக்காதவர்

இந்த நுட்பம் ராட்கிளிஃபுக்கும் மிக முந்தையது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் தம் நண்பர் சூராவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றின் கதையைச் சொல்கிறார். இரவில் அங்கே இரும்பு மோதும் சத்தம் கேட்கும். கூர்ந்து கேட்டால் அது சங்கிலிச் சத்தம். முதலில் தொலைவிலும் பிறகு அருகிலும் ஒலிக்கும். பிறகு, கைகால்களில் விலங்கு பூட்டிய, மெலிந்து நீண்ட தாடி வளர்ந்த ஒரு கிழவரின் உருவம் தோன்றும். குடியிருந்தவர்கள் ஓடிவிட, வீடு பாழாகிறது. அத்தெனோடோரஸ் என்ற தத்துவ அறிஞர் ஊருக்கு வருகிறார். வாடகை சந்தேகப்படும்படி மலிவாக இருப்பதைக் கண்டு விசாரித்து, உண்மை தெரிந்த பிறகும், தெரிந்ததனாலேயே, அந்த வீட்டை எடுத்துக்கொள்கிறார்.

இரவானதும் பணியாட்களை உள்ளறைகளுக்கு அனுப்பிவிட்டு, வெறும் மனம் வீண் உருவங்களைக் கற்பித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, விளக்கும் எழுதுபலகையும் எழுதுகோலுமாக முன்பகுதியில் அமர்ந்து எழுதத் தொடங்குகிறார். முதலில் அமைதி. பிறகு இரும்பு அசைகிறது. அவர் தலை நிமிரவில்லை. சத்தம் நெருங்குகிறது, வாசற்படியில் கேட்கிறது, அறைக்குள்ளேயே கேட்கிறது. அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறார். உருவம் விரலசைத்துக் கூப்பிடுகிறது. அவரோ சற்றுப் பொறு என்று கையால் சாடை காட்டிவிட்டு மீண்டும் எழுதுகிறார்; உருவம் அவர் தலைக்கு மேலேயே சங்கிலியைக் குலுக்குகிறது.

இறுக்கம் எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று கவனியுங்கள். உருவத்தைப் பற்றிய விவரம் முன்பே முழுமையாகத் தரப்பட்டுவிட்டதால், அதைப் பார்ப்பதில் புதிதாக ஒன்றுமில்லை. அவர் பார்க்காமலிருக்கும் ஒவ்வொரு கணமும்தான் நம்மை வாட்டுகிறது. ஒலி எழும் இடம் படிப்படியாக மாறுவதால், கடிகாரம் இல்லாமலே நேரம் எண்ணப்படுகிறது. அறிஞரின் அமைதியும் இதற்கு உதவுகிறது: கதைமாந்தர் பயந்து அலறினால் அவரே நமக்காகப் பயந்து முடித்துவிடுகிறார், அவர் பயப்படாதபோது அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

கதையின் முடிவு சாதுவானது. அவர் விளக்கோடு பின்தொடர, உருவம் முற்றத்தில் ஓரிடத்தில் மறைகிறது. மறுநாள் அங்கே தோண்டினால் சங்கிலி சுற்றிய எலும்புகள் கிடைக்கின்றன. முறையாக அடக்கம் செய்தபின் வீடு அமைதியாகிறது. விடை வந்ததும் பயம் கரைந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

## அமைதியில் தொடங்கும் படிக்கட்டு

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பணியாற்றிய எம். ஆர். ஜேம்ஸ், இடைக்காலச் சுவடிகளில் பெரும் புலமை பெற்றவர்; கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகப் பேய்க்கதைகள் எழுதினார். 1924இல் ஒரு தொகுப்பின் முன்னுரையில், தமக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இரண்டு கூறுகளைக் குறிப்பிட்டார்: சூழலும், திறம்பட நடத்தப்படும் ஏறுமுகமும். கதைமாந்தர்கள் தம் அன்றாட வேலைகளில் அமைதியாக ஈடுபட்டிருக்க வேண்டும்; அந்த அமைதிக்குள் கெட்டது ஒன்று முதலில் கண்ணுக்குப் படாதவாறு தலைகாட்டி, வரவர வலுத்து, கடைசியில் மேடை முழுவதையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

1904இல் வெளியான அவருடைய முதல் தொகுப்பில் உள்ள ஒரு கதையில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். பேய்களில் துளியும் நம்பிக்கையற்ற ஒரு பேராசிரியர், கடலோர விடுதியில் இரண்டு கட்டில்கள் உள்ள அறையில் தனியாகத் தங்குகிறார். பழைய கட்டட இடிபாட்டில் கிடைத்த ஊதல் ஒன்றை இரவில் ஊதிப் பார்க்கிறார். காலையில் பணிப்பெண் வந்து, கூடுதல் போர்வையை எந்தக் கட்டிலில் போடுவது என்று கேட்கிறாள். ஏனென்றால் இரண்டிலுமே யாரோ படுத்தெழுந்தது போல் இருக்கிறதாம். பேராசிரியர், பெட்டியிலிருந்து பொருள்களை எடுத்து வைத்தபோது தாமே அதைக் கலைத்திருக்கலாம் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்.

கேள்வி கேட்பவள் பயந்துபோய்க் கேட்கவில்லை. வேலை நிமித்தமாகக் கேட்கிறாள். அவர் தரும் விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் வாசகர் அதை நம்புவதில்லை. அடுத்து, விடுதிக்கு வெளியே ஒரு சிறுவன், அந்தப் பூட்டிய அறையின் சன்னலிலிருந்து வெள்ளையாக ஏதோ தன்னை நோக்கிக் கையசைத்ததாக அலறிக்கொண்டு ஓடிவருகிறான். இப்போது பழைய விளக்கம் போதவில்லை. இரவில் எதிர்க் கட்டிலில் ஏதோ எழுந்து உட்காரும்போது, விளக்கங்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டிருக்கின்றன.

இப்படிப் பின்னால் வரப்போவதைத் தொடக்கத்திலேயே சிறிய அளவில் உணர்த்தும் விவரத்தை முன்குறி என்பார்கள். ஒவ்வொரு முன்குறிக்கும் இயல்பான ஒரு விளக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த விளக்கம் சற்றே வலுவிழக்க வேண்டும். ஒன்பதரை மணிக்குச் செல்லுபடியான சமாதானம் பத்து மணிக்குச் செல்லாமல் போவதும் இதே ஏற்பாட்டின்படிதான். தொடக்கத்திலேயே மின்னலும் ஆந்தையும் ஊளைச் சத்தமுமாகக் கதையை நிரப்புபவர்கள் ஏறுவதற்குப் படியே இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

## எதைக் காட்டுவது, எதை விடுவது

பாதியறிவு என்றவுடன் எல்லாவற்றையும் மங்கலாக எழுத வேண்டும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். "விவரிக்க முடியாத பயங்கரம் ஒன்று அந்த அறையில் நிலவியது" என்ற வாக்கியம் யாரையும் பயமுறுத்துவதில்லை. பயப்படும்படி கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். இதற்கு மாறாக, மூன்று மாதங்களுக்கு முன் இறந்தவருடைய மூக்குக்கண்ணாடி மேசையில் திறந்தபடி கிடந்தது என்றும், காலையில் அது மடிக்கப்பட்டு, அவர் வழக்கமாகச் செய்வது போலக் கைக்குட்டையின் மேல் வைக்கப்பட்டிருந்தது என்றும் ஒருவர் எழுதினால், அங்கே மங்கலானது எதுவும் இல்லை. கண்ணாடி, கைக்குட்டை, மடிப்பு எல்லாம் துல்லியம். மடித்தது யார் என்பது மட்டும் விடப்பட்டிருக்கிறது. சான்றுகளைக் கூர்மையாகவும், காரணத்தை வெறுமையாகவும் வைப்பதே முறை. அந்த வெறுமையை வாசகர் தம்முடைய சொந்தப் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார்.

கண்ணாடி போன்ற அற்பப் பொருள் இங்கே ஏன் வேலை செய்கிறது என்பதற்கு, சிக்மண்ட் ஃபிராய்ட் 1919இல் எழுதிய ஒரு கட்டுரை வழிகாட்டுகிறது: முற்றிலும் புதியதைவிட, நெடுநாள் பழகியது அந்நியமாகித் திரும்பி வருவதே நம்மை ஆழமாகக் கலவரப்படுத்துகிறது. கட்டில், சன்னல், பொம்மை, மாடிப்படி என்று பேய்க்கதைகள் வீட்டுப் பொருள்களையே திரும்பத் திரும்ப நாடுவது கற்பனை வறட்சியால் அன்று.

## பேயா, பிரமையா

சில கதைகள் கேள்வியை இன்னும் ஒரு படி தள்ளி வைக்கின்றன. பேய் என்ன செய்யும் என்பதற்கு முன்பாக, பேய் இருக்கிறதா என்பதே அங்கு கேள்வி. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட ஒரு குறுநாவலில், இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாளிகைக்கு வரும் ஆசிரியை, அங்கே முன்பு பணியாற்றி இறந்த இருவரின் உருவங்களைக் காண்கிறாள். அவளைத் தவிர வேறு எவரும் அவற்றைக் கண்டதாகச் சொல்வதில்லை. உருவங்கள் உண்மையா, அவள் மனத்தின் தோற்றமா என்ற விவாதம் நூறாண்டுகளுக்கு மேல் ஓய்ந்தபாடில்லை. சொல்பவரின் பார்வையையே நாம் முழுமையாக ஏற்க முடியாதவாறு அமைந்த கதைசொல்லியை நம்பகமற்ற கதைசொல்லி என்கிறோம்.

இலக்கியக் கோட்பாட்டாளர் ட்ஸ்வெதான் தொதோரோவ் 1970இல் இதற்கு ஒரு வரையறை தந்தார்: இயல்பான காரணத்துக்கும் இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்துக்கும் இடையே வாசகர் தயங்கும்வரைதான் இவ்வகைக் கதை உயிரோடிருக்கிறது, எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் கதை வேறு வகையாக மாறிவிடுகிறது. அந்த ஆசிரியையின் விஷயத்தில் இரண்டு விடைகளும் அச்சம் தருபவை என்பதையும் கவனிக்க வேண்டும். பேய் உண்டென்றால் குழந்தைகளுக்கு ஆபத்து. இல்லையென்றால் அவளாலேயே ஆபத்து. தப்பிக்க ஒரு பக்கம்கூட விடாத இந்த அமைப்பு பிற்காலப் பேய்க்கதைகளில் பெரிதும் பின்பற்றப்பட்டது.

## எட்டாத தாழ்ப்பாள்

இதுவரை சொன்ன அனைத்தும் ஒரே காட்சியில் கூடுவதைப் பார்க்க, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட குரங்குக் கால் கதையின் இறுதிப் பகுதி போதும். மூன்று வரங்கள் தரும் ஒரு பதப்படுத்தப்பட்ட குரங்குக் கால் வயதான தம்பதியரிடம் வந்துசேருகிறது. முதல் வரமாக 200 பவுண்டு கேட்கிறார்கள். மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்க, அதே 200 பவுண்டு இழப்பீடாக வருகிறது. துயரம் தாங்காத தாய், மகன் மீண்டும் உயிர் பெற வேண்டும் என்று கேட்கும்படி கணவரை நெருக்குகிறாள். மகன் இறந்து பத்து நாள் ஆகிவிட்டது, உடைகளைக் கொண்டுதான் உடலை அடையாளம் காண முடிந்தது என்று சொல்லி அவர் மறுத்துப் பார்க்கிறார். கடைசியில் வரத்தைக் கேட்டும்விடுகிறார். வெகுநேரம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு, வாசற்கதவு தட்டப்படுகிறது.

தாய் ஓடுகிறாள். மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. நாற்காலியை இழுத்து வருகிறாள். தந்தையோ இருட்டில் தரையில் தவழ்ந்து, கீழே விழுந்த குரங்குக் காலைத் தேடுகிறார். தட்டல் வலுக்கிறது. நாற்காலி கதவருகே வந்து நிற்கும் சத்தமும் தாழ்ப்பாள் நகரும் சத்தமும் கேட்கின்றன. அந்த நேரத்தில் அவர் கைக்குக் குரங்குக் கால் கிடைக்கிறது. மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். தட்டல் நின்றுபோகிறது. கதவு திறந்தால் வெறும் தெரு.

கதவுக்கு வெளியே நின்றது எது என்பது கதையில் எங்கும் சொல்லப்படவில்லை. மூன்றாவது வரம் இன்னதென்றுகூட ஆசிரியர் எழுதவில்லை. உடைகளைக் கொண்டுதான் அடையாளம் கண்டேன் என்று தந்தை முன்பு சொன்ன ஒரே வாக்கியம், கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய உருவத்தை நம் மனத்தில் தானாகவே உண்டாக்கிவிடுகிறது. மகனைக் காணத் துடிக்கும் தாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது, கதவைத் திறக்கவிடக் கூடாது என்ற தந்தையின் பக்கமும் இருக்கிறது. வாசகர் இருவருக்காகவும் ஒரே நேரத்தில் ஏங்குகிறார். எனக்கு இந்தக் காட்சியில் மிகச் சிறந்ததாகத் தோன்றுவது அந்த உயரமான தாழ்ப்பாள்தான். பேயோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வீட்டுத் தடை, சில வினாடிகளில் முடிந்திருக்க வேண்டிய ஒரு செயலை நீட்டி, விடைக்கும் நமக்கும் இடையிலான தூரத்தை அளந்து காட்டுகிறது.

## தெரிந்த கதை மீண்டும் பதறவைப்பது ஏன்

விடை தெரியாமலிருப்பதே சஸ்பென்ஸ் என்றால், முடிவு தெரிந்த கதையை மறுமுறை வாசிக்கும்போது அது மறைந்துவிட வேண்டும். நல்ல கதைகளில் அப்படி நடப்பதில்லை. இதற்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. வாசிக்கும்போது நாம் கதைமாந்தரின் அறிவு எல்லைக்குள் நுழைந்துவிடுகிறோம், நமக்குத் தெரிந்தது அங்கே உதவாது என்பது ஒன்று. தவிப்புக்கு ஐயம் தேவையில்லை, தடுக்க முடியாமை போதும் என்பது மற்றொன்று; இரண்டாவதே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. முடிவு தெரிந்தவருக்கு, 200 பவுண்டு என்ற தொகை உச்சரிக்கப்படும் அந்த மகிழ்ச்சியான மாலை நேரமே தாங்க முடியாததாகிவிடுகிறது.

ஆனால் இரண்டாம் வாசிப்பில் இறுக்கம் இடம் மாறுகிறது. முதல் முறை கடைசிப் பக்கங்களில் குவிந்திருந்தது, இம்முறை முன்குறிகளின் மேல் வந்து அமர்கிறது. பணிப்பெண்ணின் போர்வைக் கேள்வியும், தந்தை தயங்கித் தயங்கிச் சொல்லும் அந்த ஒரு வாக்கியமும் எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளன, அவற்றை வாசகர் கவனிக்காமல் கடந்துபோக ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்பது இப்போது கண்ணுக்குத் தெரியும். பேய்க்கதை எழுதிப் பழக விரும்புவோர், தமக்குப் பிடித்த ஒரு பழைய கதையை எடுத்து, வாசகருக்குப் புதிய தகவல் கிடைக்கும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கோடு இட்டுப் பார்க்கலாம். கோடுகளுக்கு இடையிலான தூரம் கதை முடிவை நெருங்க நெருங்க எப்படிச் சுருங்குகிறது, எந்த இடத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே அதை மீண்டும் நீட்டுகிறார் என்பது பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.